இரண்டு வரி

கொழும்பிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.
விழா மலருக்கு, ஒரு கலைஞருக்கு இரண்டு வரி:
பிறந்த ஊர், பயின்ற இடம், குரு, விருதுகள்.
வெள்ளிக்கு முன்.

பரந்தனில், சங்கத்து நெற்களஞ்சியத்தின் பின்பக்கம்,
உமியைக் கூட்டி ஒதுக்கிவிட்டு
ஏழுபேர் ஒத்திகைக்கு இருக்கிறோம்.
நான் இரண்டாம் ரம்பெட்.
வரவு செலவுக் கொப்பி என்னிடம் இருப்பதால்
வரலாறும் என் தலையில் விழுந்தது.

எமிலியான், முதலாம் ரம்பெட், முல்லைத்தீவு.
பதினேழு வருசம் கடலட்டைக்குச் சுழியோடியவர்.
நாங்கள் இரண்டு தரம் மூச்செடுக்கும் இடத்தை
ஒரே மூச்சில் கடந்துவிட்டு
எங்களுக்காகக் காத்து நிற்பார்.
குரு என்ற இடத்தில் "கடல்" என்று போடச் சொன்னார்.
போட்டேன். பிறகு வெட்டினேன்.
கவிதை மாதிரி இருந்தது.
கோயில் பாண்ட் என்று திருத்தினேன்; அதுவும் பொய்யில்லை.

சுகந்தமலர், ரொம்போன்.
முகமாலையில் ஆறு வருசம் முழங்காலில் நின்று
ஒரு நாளைக்கு ஒரு பாய் அளவு நிலம் பார்த்தவள்.
கருவி கத்தினால் கை நிற்க வேண்டும், அதுதான் வேலை.
இங்கே முதல் மாதம் முழுக்க
இழுகுழாயை நாலாம் நிலைக்கு அப்பால் அவள் நீட்டவில்லை.
அதில் கோடு கிடையாது,
ஆறாவது எங்கே என்று கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.
ஒருநாள் நீட்டினாள்.
முன்னால் இருந்த நிருத்திகனின் பிடரியில் பட்டது.
எல்லோரும் சிரித்தோம்,
அவளுக்குச் சிரிப்பு வரச் சற்று நேரம் எடுத்தது.
இதில் எந்த இரண்டு வரி?

நிருத்திகனுக்கு மட்டும் சுலபம்:
கிளிநொச்சி. பிரெஞ்சு ஹோர்ன். சான்றிதழ் உண்டு, இலண்டன் முத்திரையோடு.

முத்துவீரன் யூபோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு
பிறந்த ஊர் என்றால் எது என்று கேட்டார்.
எழுபத்தேழில் நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து
லொறி ஏறியபோது தாயின் வயிற்றில் இருந்தாராம்.
"வவுனியா தாண்டி, மாங்குளத்துக்கு முன்னால, றோட்டோரம்.
அதுக்குப் பேர் இருக்கா?"
கனகராயன்குளம் என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்து, எழுத்து அழகாயிருக்கு என்றார்.

தவக்குமார், பெரிய ட்ரம்.
"பரம்பரைக் கலைஞர்" என்று தொடங்கினேன்.
பேனையைப் பிடித்துவிட்டான்.
"அதை எழுதாதை. அப்பா செத்தவீட்டுப் படலையடியில
வெயிலுக்க நிண்டு அடிச்சவர், சாராயம் குடுத்தாங்கள்.
இஞ்ச எனக்குக் கதிரை இருக்கு,
மாதம் முடியக் காசு இருக்கு. அதை எழுது."
கதிரையை எப்படி எழுதுவது?
கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
தனியாக வைத்திருக்கிறேன் அந்தச் சொல்லை.

ரியூபாவுக்கு ஆள் கோணேசலிங்கம், மில்லில் மூட்டை நிறுப்பவர்.
ரியூபா, பொலிஸ் பாண்டின் ஏலத்தில் எடுத்தது.
மூன்றாம் வால்வின் கீழே ஒரு நசிவு,
நசிவுக்குப் பக்கத்தில் ஆணியால் கீறிய சிங்கள எழுத்து.
நிஹால், என்று வாசித்தான் நிருத்திகன்.
"அவருக்கும் இரண்டு வரி போடும்" என்றார் கோணேசலிங்கம்,
பகிடியா இல்லையா தெரியவில்லை,
"கீழ் ஸ்வரமெல்லாம் அவர் ஊதித் திறந்து வைச்சது."

என் பெயருக்கு நேரே
"இரண்டாம் ரம்பெட்" என்று மட்டும் எழுதினேன்.
மிச்சமிருந்த வரியை நிஹாலுக்குக் கொடுத்தேன்.

விழா மலர் வந்தது.
எட்டுப் பெயர், நான்கில் பிழை.
நிஹாலில் பிழையில்லை.
நான் அனுப்பிய வரிகளுக்குப் பதிலாக ஒரே வரி:
வன்னியின் சாம்பலிலிருந்து எழுந்த இசை.
எமிலியான் சத்தமாக வாசித்தார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தவக்குமார் கதிரையை இழுத்துப் போட்டான்.

குழாயில் சேர்ந்த நீரை வடிக்க
சுகந்தமலர் ஒரு தாள் கேட்டாள்,
சீமெந்து நனைந்தால் உமி ஒட்டும்.
நடுப்பக்கத்தை விரித்துக் கொடுத்தேன்.
மினுங்கல் தாள். உறிஞ்சவில்லை.
துளிகள் பெயர்களுக்கு மேலே உருண்டு
விளிம்புக்கு வந்து, கொஞ்சம் நின்று,
உமிக்குள் போயின.